வெள்ளைகேட்டிலிருந்து தார் பாலைவனத்துக்கு: இருவர், ஒரு கார், ஒரு டிரெய்லர்

பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ராஜஸ்தான் பாலைவனத்துக்குக் காரில் போக வழி கேட்டால், பதில் சுருக்கமானது. வெள்ளைகேட்டில் தேசிய நெடுஞ்சாலை 48-ல் ஏறி இடப்பக்கம் திரும்புங்கள். பெங்களூரு, ஹூப்ளி, புனே, சூரத், அகமதாபாத் எல்லாம் தாண்டி உதய்ப்பூர் வரை அதே சாலைதான். நம் ஊர்த் தறிகளுக்கு சூரத் சரிகை வந்து சேரும் திசையும் அதுவே.

மணலைப் பார்க்கப் போகிறோம் என்பதால் மணலைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். மணல் வருவது கடைசி 300 கி.மீ.யில். அதற்கு முன் 2,300 கி.மீ.க்கு மேல் லாரிகளுக்கு நடுவே, கணவாய்களில் இறங்கி, நகரங்களைச் சுற்றி, பின்னால் ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அது நல்லபடியாக நடக்குமா என்பதை எடைதான் தீர்மானிக்கும். எவ்வளவு ஏற்றுகிறீர்கள், எங்கே ஏற்றுகிறீர்கள் என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே இந்த அத்தியாயம் போகிறது.

எப்போது கிளம்புவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் தார் பாலைவனத்துக்கு ஏற்ற காலம். கோடையை நினைத்தே பார்க்காதீர்கள். ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் இடைப்பட்ட வட்டாரத்தில் உள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. நமக்கோ அக்டோபர் முதல் டிசம்பர் பாதி வரை மழைக்காலம். ஆக மீதம் இருப்பது மார்கழி, தை, மாசி.

வசதியானது தை. பொங்கலை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினால், குஜராத்தில் ஜனவரி 14, 15 தேதிகளில் நடக்கும் பட்டத் திருவிழாக் கூட்டம் அடங்கியபின் அங்கே நுழைவீர்கள். ஜெய்சல்மேரின் பாலைவனத் திருவிழா மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கிறது. நம் பஞ்சாங்கத்தில் அது சில ஆண்டுகளில் தைப்பூசம், சில ஆண்டுகளில் மாசிமகம். அதைப் பார்த்துவிட்டு, ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உத்திரத்துக்குள் ஊர் திரும்பிவிடலாம்.

பட்டு வியாபாரத்தில் இருப்பவர்களுக்குத் தை முகூர்த்த மாதம். கடையை விட்டு நகர முடியாது. அவர்கள் மார்கழி முதல் வாரத்திலேயே கிளம்பலாம். ஆனால் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை ஜெய்சல்மேரில் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். அந்த வாரத்தை உதய்ப்பூரிலோ ஜோத்பூரிலோ கழித்துவிட்டுப் போவது நல்லது.

முதலில், டிரெய்லர் வேண்டுமா?

அமெரிக்காவின் நெவாடா, அரிசோனா, யூட்டா பக்கம் டிரெய்லர் இழுத்துப் போகிறவர்களுக்குத் தனி முகாம்கள் உண்டு. தண்ணீர்க் குழாய், மின்சாரம், கழிவுநீர் விடும் வாய் எல்லாம் வண்டி நிற்கும் இடத்திலேயே கிடைக்கும். இந்த வழியில் அதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். பல இரவுகளில் பெரிய முற்றம் உள்ள விடுதியையோ, லாரிகள் நிற்கும் தாபாவையோதான் நம்ப வேண்டியிருக்கும். விடுதியில்தான் தூங்கப் போகிறீர்கள் என்றால் டிரெய்லர் எதற்கு?

நியாயமான காரணங்கள் சில உண்டு. முதுகுவலிக்குச் சொந்தப் படுக்கை, சுத்தமான கழிப்பறை, வேளாவேளைக்கு வீட்டுச் சாப்பாடு. ஐம்பது அறுபது வயதுத் தம்பதிகள் பலருக்கு இந்த மூன்றும் பெரிய விஷயம். இவை உங்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை என்றால் காரோடு போய்வாருங்கள். பயணம் பாதிக்குப் பாதி சுலபமாகும்.

இழுப்பது என்று முடிவானால், காரின் கையேட்டைத் திறந்து எவ்வளவு எடை இழுக்கலாம் என்று பாருங்கள். அளவு எதுவும் கொடுக்கப்படாத காரில் கொக்கி பொருத்தாதீர்கள். சிறிய டிரெய்லர்கள் பலவற்றில் தனி பிரேக் கிடையாது. அப்படிப்பட்ட டிரெய்லர், ஏற்றிய சாமானோடு சேர்த்து, காரின் எடையில் பாதியையும் 750 கிலோவையும் தாண்டக் கூடாது என்பது பிரிட்டனில் விதி. நம் சாலைகளுக்கும் அதையே உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதங்கள்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லர் தனியே பதிவு செய்ய வேண்டிய வண்டி. அதன் பதிவு எண் அதன் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இழுக்கும் காரின் எண் டிரெய்லரிலும் தெரிய வேண்டும். பட்டறையில் அழகாகக் கட்டிக் கொடுத்தார்கள் என்று பதிவில்லாத டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஐந்து மாநிலம் கடக்க நினைக்காதீர்கள். பழையது வாங்கினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

காருக்கும் டிரெய்லருக்கும் காப்பீடு வேண்டும். டிரெய்லரை இழுக்கும்போது நடக்கும் விபத்துக்கும் காரின் பாலிசி பொருந்துமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புகைச் சான்றிதழ், ஃபாஸ்டேக் இருப்பு, இருவரின் ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள்.

இன்னொன்று. குஜராத்தில் மதுவிலக்கு அமலில் இருக்கிறது. டிரெய்லர் அலமாரியில் மறந்துபோன ஒரு பாட்டில்கூட வழக்கில் கொண்டுபோய் விடும். வாபி எல்லைக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

எடை: வீட்டு வாசலில் செய்ய வேண்டிய கணக்கு

அம்மிக்குப் பதில் மிக்ஸி, குடத்துக்குப் பதில் கேன், பத்துப் பாத்திரத்துக்குப் பதில் ஒரு குக்கரும் ஒரு கடாயும். இந்த மூன்று மாற்றத்திலேயே கணிசமான எடை குறையும். எல்லாம் ஏற்றியபின் ஏதாவது அரிசி ஆலையின் எடைமேடைக்குக் கொண்டுபோய் டிரெய்லரைத் தனியாக நிறுத்துங்கள். கையேட்டு அளவைத் தாண்டினால் அங்கேயே இறக்குங்கள்.

அடுத்தது, எங்கே ஏற்றுவது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் அமுங்க வேண்டும். 600 கிலோ டிரெய்லர் என்றால் 60 முதல் 90 கிலோ. காரின் கொக்கி தாங்கும் அளவு இதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அளவுக்குள் நில்லுங்கள். டிரெய்லரின் மூக்கை வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின்மேல் ஒரு கட்டையை வைத்து இறக்கினால் அளவு தெரிந்துவிடும். கனமான சாமான்கள் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக இருக்க வேண்டும். கேஸ், அரிசி, தண்ணீர் எல்லாம் பின்பக்கம் போய்விட்டால் மூக்கு இலேசாகி, வேகம் கூடியதும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

வாலாட்டம் வந்தால் பிரேக்கை அழுத்தாதீர்கள். வேகத்தைக் கூட்டியும் பார்க்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருங்கள். வண்டி தானாக மெதுவானதும் ஆட்டம் அடங்கும். பிறகு ஓரம்கட்டிச் சாமானை மாற்றி அடுக்குங்கள். சித்ரதுர்கா பக்கம் சாலையோரக் குன்றுகளில் காற்றாலைகள் நிற்பதைப் பார்ப்பீர்கள். காற்று அங்கே பக்கவாட்டில் அடிக்கும். பெரிய பேருந்து முந்திப்போகும் நேரத்தில் சேர்ந்து அடித்தால் டிரெய்லர் ஒரு உலுக்கு உலுக்கும். 70 கி.மீ. வேகத்தை எங்கேயும் தாண்டாமல் இருப்பதே இதற்கு மருந்து.

மாட்டுவதும் பின்னால் எடுப்பதும்

மாட்டும் வேலையை ஒருவர் செய்ய, மற்றவர் சரிபார்க்க வேண்டும். கொக்கிக் குண்டின்மேல் கப்ளரை இறக்குங்கள். பூட்டை மூடிப் பின்னைச் செருகுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் குறுக்காக, கப்ளருக்கு அடியில் மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலி தாங்கும். மின் இணைப்பைச் செருகி இண்டிகேட்டர், பிரேக் விளக்குகளைப் பாருங்கள். முன்னால் உள்ள சிறு சக்கரத்தை மேலே தூக்கிப் பூட்டுங்கள். கடைசியாக மூக்கைக் கையால் மேலே இழுத்துப் பாருங்கள்; டிரெய்லர் காரின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கினால் மாட்டல் சரி.

பின்னால் எடுப்பதை ஊரிலேயே பழகிவிட வேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தறித் தெருக்களில் டிரெய்லரைத் திருப்ப முடியாது. ஊருக்கு வெளியே ஒரு காலி மனையில் இரண்டு காலைப்பொழுது பழகுங்கள். ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்பக்கம் போகும். குழம்பாமல் இருக்க ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கை வையுங்கள். வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். பெரிய திருப்பம் கூடாது. ராஜவீதி முனையில் தேரைத் திருப்ப முட்டுக்கட்டை போடுகிறவர்கள் செய்வதுபோல, கொஞ்சம் நகர்த்தி, பார்த்து, மறுபடி கொஞ்சம்.

கீழே நிற்பவர் "இடது", "வலது" என்று சொன்னால் யாருடைய இடது என்பதில் சண்டை வரும். லாரிக்காரர்களின் பேச்சே இதற்குச் சரி:

"வா… வா… கிளீனர் பக்கம் ஒரு அடி…"

"தெரியலைங்க, கண்ணாடியில வந்து நில்லுங்க!"

"இதோ. டிரைவர் பக்கம் கொஞ்சம்… போதும், நில்லு."

ஓட்டுபவரின் கண்ணாடியில் கீழே நிற்பவர் தெரியாவிட்டால் வண்டி நகரக் கூடாது. இந்த ஒரு விதி போதும். இருவருமே இரண்டு வேலையையும் பழகுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் நடுவழியில் நிற்க வேண்டியிருக்காது.

நாள்வாரியாக வழி

தூரங்கள் தோராயமானவை. எந்த நாளிலும் 350 கி.மீ.யைத் தாண்டவில்லை. விடியற்காலையில் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே நிறுத்துவதற்கான கணக்கு இது.

1. காஞ்சிபுரம் – தும்கூர், 345 கி.மீ. பெங்களூருவுக்குள் போகாமல் நைஸ் சாலையில் சுற்றிப் போங்கள்.
2. தும்கூர் – ஹூப்ளி, 340 கி.மீ. மதியத்துக்கு தாவணகெரேயில் வெண்ணெய் தோசை.
3. ஹூப்ளி – கொல்ஹாபூர், 200 கி.மீ.
4. கொல்ஹாபூர் – புனே, 230 கி.மீ.
5. புனே – வாபி, 310 கி.மீ. தானேயைக் காலை நெரிசலுக்கு முன் கடக்க, புனேயிலிருந்து இருட்டு விலகும் முன்பே கிளம்ப வேண்டிய ஒரே நாள் இது.
6. வாபி – சூரத், 110 கி.மீ. பாதி நாள் ஓய்வு.
7. சூரத் – அகமதாபாத், 265 கி.மீ. வடோதராவிலிருந்து எக்ஸ்பிரஸ்வே.
8. அகமதாபாத் – உதய்ப்பூர், 260 கி.மீ.
9. உதய்ப்பூர் – ஜோத்பூர், பிண்ட்வாரா, சிரோஹி, பாலி வழியாக 300 கி.மீ.
10. ஜோத்பூர் – ஜெய்சல்மேர், பொக்ரான் வழியாக 285 கி.மீ.

மொத்தம் சுமார் 2,650 கி.மீ. போய்வர 5,300, அங்கே சுற்றுவதற்கு 500. டிரெய்லரோடு லிட்டருக்கு 10 கி.மீ. என்று வைத்தால் 580 லிட்டர் எரிபொருள். பத்து நாள் போக, பத்து நாள் வர, இடையில் ஓய்வு, ஜெய்சல்மேரில் ஐந்து நாள் என்று ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

சூரத்தில் அந்தப் பாதி நாளைப் பழைய நகரத்தில் செலவழியுங்கள். சூரத் சரிகைக்கும் காஞ்சிப் பட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. முந்தானையில் மட்டுமே பார்த்துப் பழகிய பொருள், கம்பியாக இருக்கும் நிலையில் எப்படி இருக்கிறது என்று காஞ்சிபுரத்துக்காரர்கள் பார்க்க வேண்டிய இடம் இது.

இன்னொரு யோசனை. தமிழ்நாட்டில் அடகுக்கடையும் துணிக்கடையும் நடத்தும் மார்வாடிக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பூர்வீகம் பாலி, ஜாலோர், சிரோஹி வட்டாரம். ஒன்பதாம் நாள் நீங்கள் கடக்கப் போகும் பூமி அது. கிளம்பும் முன் தெரிந்த கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். தங்க இடம், நம்பகமான மெக்கானிக், அவசரத்துக்குத் தமிழ் தெரிந்த ஓர் உறவினர் என்று எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல் கிடைக்கும்.

மூன்று இறக்கங்கள்

*காத்ரஜ் – நவலே பாலம்.* சாதாராவிலிருந்து புனேவுக்குள் நுழையும்போது, காத்ரஜ் புதிய சுரங்கப்பாதையைத் தாண்டியதும் நீண்ட இறக்கம். பார்வைக்குச் சாதாரணச் சாலைபோல இருக்கும். 2022 நவம்பர் 20 இரவு இங்கே ஒரு லாரி கட்டுப்பாடு இழந்து மோதியதில் நாற்பதுக்கும் மேற்பட்ட வண்டிகள் நசுங்கின. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிவரும் லாரிகள்தான் இங்கே ஆபத்து. சுரங்கம் முடியும் முன்பே கீழ் கியருக்கு மாறுங்கள். இடப்பக்கத் தடத்தில் செல்லுங்கள். பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள்.

*போர் கணவாய்.* லோனாவாலாவைத் தாண்டி கோபோலிக்கு இறங்குவது. பிரேக்கில் காலை ஊன்றியே இறங்கினால் பாதி வழியில் கருகல் வாடை வரும். அதன்பின் பிரேக் பிடிக்காது. இரண்டாம் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கை விட்டு விட்டுத்தான் தொட வேண்டும்.

*தேசூரி.* உதய்ப்பூரிலிருந்து ஜோத்பூருக்கு வரைபடத்தில் குறுக்குவழியாகத் தெரியும் ஆரவல்லிக் கணவாய். செங்குத்து, வளைவு, குறுகல் மூன்றும் உண்டு. டிரெய்லரோடு இந்தப் பக்கம் போகவே வேண்டாம். மேலே சொன்ன பிண்ட்வாரா வழி சற்றுச் சுற்று என்றாலும் அகலமான சாலை.

இரவு

எண்ணெய் நிறுவனங்கள் நேரடியாக நடத்தும் பெரிய பெட்ரோல் பங்க்குகளிலும், குடும்பங்கள் வந்து சாப்பிடும் தாபாக்களிலும் வெளிச்சம், காவல், கழிப்பறை இருக்கும். முதலில் அனுமதி கேளுங்கள். தாபா என்றால் இரவுச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிடுங்கள். வண்டியின் முகம் சாலையைப் பார்த்து நிற்கட்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை விடுதியில் அறை எடுத்துத் துணி துவைத்து, தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம்.

ஜனவரியில் ஜெய்சல்மேர் இரவுகள் 10 டிகிரிக்குக் கீழே போகும். காஞ்சிபுரத்து உடம்புக்கு அது கடுமையான குளிர். அதற்காகக் கரி அடுப்பை டிரெய்லருக்குள் கொண்டுவராதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது; தூக்கத்திலேயே உயிர் போகும். கனமான கம்பளியும் காலுறையும் போதும். கேஸ் அடுப்பு எரியும்போதும் ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

சாப்பாடும் தண்ணீரும்

முதல் நாளுக்குக் குடலை இட்லியைவிட நல்ல கட்டுச்சோறு இல்லை. மிளகும் சுக்கும் சீரகமும் நெய்யும் சேர்ந்த இட்லி, சட்னி தேடாது. அதன்பின் பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், அரிசி போதும். ராஜஸ்தானில் கம்பு ரொட்டியும் கேர்-சாங்ரியும் கிடைக்கும் இடத்தில் சமையலுக்கு விடுமுறை விடுங்கள். பாலைநிலத்துக் காய்களை உலர்த்தி வைத்துச் செய்யும் அந்தக் கறி, நம் வற்றல் குழம்பு நாக்குக்கு உடனே பிடித்துப்போகும்.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. காஞ்சிபுரத்தில் 60 லிட்டர் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பினால், தேவையில்லாத 60 கிலோவை எல்லாக் கணவாயிலும் இழுத்துப் போகிறீர்கள். வழியில் 20 லிட்டர் கேன் ஒன்று போதும். ஜோத்பூரில் தொட்டியை நிரப்புங்கள். இருவருக்குக் குடிக்க, சமைக்க, கழுவ நாளுக்கு 20 லிட்டர் என்றால் மணல் பக்கத்தில் மூன்று இரவுக்குச் சரியாக வரும். அங்கங்கே கிடைக்கும் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும், சமையலுக்கு உதவாது.

மணலில்

டிரெய்லரின் பயணம் ஜெய்சல்மேரோடு முடிந்தது. கோட்டைக்குள் இன்னமும் மக்கள் குடியிருக்கிறார்கள். சந்துகளில் கார்கூடப் போகாது. ஊருக்கு வெளியே முற்றம் உள்ள தங்குமிடத்தில் டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு, மற்ற இடங்களுக்குக் காரில் மட்டும் போங்கள்.

சாம் மணற்குன்றுகள் 40 கி.மீ. மேற்கே. போகும் வழியில் பாலிவால் பிராமணர்கள் கைவிட்டுப்போன குல்தரா கிராமம். இன்னொரு பக்கம், 17 கி.மீ.யில் அகல் கல்மரப் பூங்கா. இன்று பாலையாக இருக்கும் இடத்தில் ஜுராசிக் காலத்தில் காடு இருந்ததற்குச் சாட்சியாக மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பாலைவன தேசியப் பூங்காவில் கானமயிலைப் பார்க்க விரும்பினால் அதிகாலையில் வழிகாட்டியோடு போங்கள்.

தார்ச் சாலையை விட்டு மணலில் இறங்குவதென்றால் டயர் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை குறையுங்கள். திரும்பியதும் ஏற்ற கம்ப்ரசர் கையில் இருக்க வேண்டும். சக்கரம் புதைந்தால் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழம் போகும். நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரி, தரைவிரிப்பைப் போட்டு மெல்ல எடுங்கள்.

தனோட் மாதா கோயிலும் 1971 போர் நடந்த லோங்கேவாலாவும் சேர்த்துப் பார்த்துவர 260 கி.மீ.க்கு மேல் ஆகும். ஜெய்சல்மேரிலேயே எரிபொருள் நிரப்புங்கள். ராம்கட் தாண்டினால் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. அது எல்லைப் பகுதி. கிளம்பும் அன்று காலை பாதை திறந்திருக்கிறதா என்று தங்குமிடத்தில் கேளுங்கள். டிரோன் வேண்டாம். காவல் சாவடிகளைப் படம் எடுக்க வேண்டாம்.

பொழுது சாய்ந்தபின் இந்தச் சாலைகளில் ஓட்டவே கூடாது. மாடும் நீலான் மானும் குறுக்கே வரும். ஒட்டகம் இன்னும் மோசம்: காலில் இடித்தால் அதன் உடல் நேராக முன்கண்ணாடிமேல் விழும்.

கிளம்பும் காலையில்

- டிரெய்லருக்கு அதன் அளவிலேயே ஸ்டெப்னி, அதற்குப் பொருந்தும் ஸ்பேனர்.
- சக்கர பேரிங்குக்குப் புது கிரீஸ். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சக்கரத்தின் நடுப்பகுதியைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் மெக்கானிக்.
- டிரெய்லர் டயரில் தயாரிப்பு வாரமும் ஆண்டும் காட்டும் நான்கு இலக்க எண். ஆறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள்.
- எடைமேடைச் சீட்டு, மூக்கு எடை.
- விளக்குகள், சங்கிலி, பின்.
- தீயணைப்பான், முதலுதவி, இருவரின் மருந்து ஒரு மாதத்துக்கு.

இதில் ஒன்று சரியில்லை என்றாலும் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். ஜெய்சல்மேர் கோட்டை 1156 முதல் அங்கேயே நிற்கிறது. ஒரு நாள் பிந்தினால் எங்கும் போய்விடாது.